குளித்து முடிக்காத பெண்ணுக்குக் காவல்

போன மாதம் செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் கலைக்கூடத்தில் ஒரு விழா. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். 'எங்கள்' என்று சொல்வது பழக்கதோஷம். நான் அங்கிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. வாசலில் ரேவதி என்ற பெண் சீருடையில் நின்றிருந்தாள். நான் பார்த்த அதே காவலர் வேலையைத்தான் இப்போது அவள் பார்க்கிறாள். நான் அறக்கட்டளையின் ஊழியர், அவள் ஏதோ ஒரு ஏஜென்சி அனுப்பிய ஆள். எனக்கு நாற்காலி இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தால்தான் சுறுசுறுப்பாகத் தெரியும் என்று புது இயக்குநர் சொல்லிவிட்டாராம்.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. இத்தனை வருஷம் நாற்காலியில உக்காந்து நீங்க இன்னாதான் வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

"படம் பாக்க வர்றவங்களப் பாத்துனு இருந்தேன்" என்றேன்.

"அதுக்குத்தான் இப்ப கேமரா இருக்குதே அக்கா."

நியாயமான கேள்விதான். பதில் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. அதை எழுதிவைக்கத்தான் இவ்வளவும்.

படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் வியாபாரம் செய்து நன்றாக இருந்த ஒரு குடும்பம், தன் பெரிய வீட்டுச் சுவர்களை நிரப்புவதற்காகப் பிரான்சிலிருந்து எண்ணெய் ஓவியங்களை வரவழைத்தது. அந்தக் குடும்பத்தின் கடைசி ஆள் மனசு வெறுத்து எங்கள் ஊருக்கு வந்து, ரமணாசிரமத்துப் பக்கம் வீடு கட்டி, எல்லாவற்றையும் துறந்தார். படங்களை மட்டும் துறக்க முடியாமல் லாரியில் ஏற்றிக் கூடவே கொண்டுவந்துவிட்டார். அவர் காலமான பிறகு வீடு கலைக்கூடமானது. அதற்கொரு அறக்கட்டளை, அறக்கட்டளைக்கு ஒரு செயலாளர், செயலாளருக்குக் கீழே ஒரு கண்காணிப்பாளர், எல்லோருக்கும் கீழே நான்.

பிரான்சில் புரட்சி நடந்த காலத்தை ஒட்டிய பாணி அது. நியோகிளாசிக்கல் என்று வாசலில் தமிழிலேயே எழுதி வைத்திருந்தோம். படித்துவிட்டு ஒருவரும் சந்தேகம் கேட்டதில்லை. தெருவில் ராஜாவின் தலை உருண்டுகொண்டிருந்த சமயத்தில், அந்த ஓவியர்கள் பழைய ரோமாபுரியில் யார் எப்படி நின்றார் என்று வரைந்துகொண்டிருந்திருக்கிறார்கள். தூரிகை பட்ட தடம் தெரியாது, அவ்வளவு வழவழப்பு. ஆண்களுக்கெல்லாம் தொடை தெரிகிற அங்கி. பெரிய கூடத்தில் கிழக்குச் சுவர் முழுக்க ஒரே படம். ஒரு தளபதி மேடையில் நின்று ஏதோ பேச, எதிரே இருக்கும் அத்தனை ஆண்களும் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்வார்கள். மூலையில் பெண்கள் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தக் கைகள் கீழே இறங்கவே இல்லை. சத்தியம் செய்ததில் ஒன்றையாவது செய்து முடித்தார்களா என்றும் தெரியவில்லை.

எதிர்ச்சுவரில் அவள். குளிக்க உட்கார்ந்திருக்கும் பெண். கல்தொட்டியின் விளிம்பில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். ஈரக் கூந்தலை ஒரு பக்கமாக முன்னால் எடுத்துப் போட்டிருப்பாள். இடுப்பைச் சுற்றி வெள்ளைத் துணி. ஒரு கால் விரல் தண்ணீரைத் தொடும். முகம் தெரியாது. அவ்வளவுதான் படம்.

என் பயிற்சி ஒரே வாரத்தில் முடிந்தது. தொடவிடாதே, தூங்காதே, ஏதாவது கேட்டால் தெரியாது என்று சொல். மூன்றாவதில் நான் முதல் நாளே தேறிவிட்டேன்.

கண்காணிப்பாளர் தணிகாசலம் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். பயப்படுவதற்காகவே பிறந்தவர். மழைக்குப் பயம், வெயிலுக்குப் பயம், செயலாளருக்குப் பயம், தொலைபேசி மணி அடித்தால் பயம். 'கூடாது' என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. 'பார்க்கலாம்' என்பார். எதற்குப் 'பார்க்கலாம்' என்றாரோ அது நடக்காது என்று எங்களுக்குத் தெரியும்.

காலையில் கூடத்தைத் திறந்ததும் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு சட்டத்தின் மேல்விளிம்பிலும் ஓட்டுவார். தூசி ஒட்டியிருந்தால் திட்ட மாட்டார். அந்தப் பக்கத்தை எங்களிடம் காட்டிவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். நாள் முழுக்க அதே அழுக்குக் கைக்குட்டையால் எங்கள் முன்னாலேயே முகம் துடைத்துக்கொள்வார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம். பிறகு பாதி தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடிப் பாட்டிலைச் சட்டத்தின் அடியில் படுக்கவைத்துப் பிடித்து, படம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். ரோமாபுரியே கவிழ்ந்தாலும் கோணலாகக் கவிழக் கூடாது என்பது அவர் கொள்கை.

பார்வையாளரைத் தள்ளி நிற்கச் சொல்வதிலும் அவருக்கு வகை இருந்தது. பெரிய மனிதர் என்றால், "இங்கேருந்து பார்த்தா இன்னும் நல்லா தெரியுங்க சார்." நம்மைப் போன்றவர் என்றால், "தள்ளி நில்லுங்க." வெளிநாட்டுக்காரர் என்றால் வெறும் சிரிப்பு. ஆனால் வெளிநாட்டுக்காரரால் எங்களுக்குத் தொல்லையே இல்லை. காவி ஜிப்பாவும் உருத்திராட்சமுமாக வருவார்கள். உள்ளே பிரெஞ்சுப் படம் இருப்பதைப் பார்த்ததும், இதிலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று முகம் வாடிவிடும். பாரிசிலிருந்து வந்த ஒருவர் மட்டும் சத்தியப் படத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரு மணி நேரம் தியானம் செய்துவிட்டுப் போனார். கண்ணைத் திறந்து பார்த்தவர்கள் எங்கள் ஊர் ஜனங்கள்தான்.

அதிலும் பௌர்ணமி அன்று. கிரிவலம் போகிற வழியில் இருக்கிறது கட்டிடம். கதவு திறந்திருக்கிறது, உள்ளே மின்விசிறி ஓடுகிறது, வேறென்ன வேண்டும்? செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாங்கள் ஒன்றும் சொல்லாமலே இடமிருந்து வலமாகக் கூடத்தைச் சுற்றி வருவார்கள். சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒரு கை நீளும். நான் எழுந்து ஓடுவதற்குள் மூலையில் குங்குமம் ஏறியிருக்கும்.

"இது எந்தச் சாமிங்க?"

"சாமி இல்லம்மா. படம்."

"சாமி இல்லாமலா இவ்ளோ பெருசா வரைஞ்சு வச்சிருக்காங்க?"

தெரியாது என்று சொல்வதைத் தவிர எனக்கு என்ன வழி?

குளிக்கிறவளின் எதிரில்தான் என் நாற்காலி. என் சொந்த ஊர் அடி அண்ணாமலை. எங்கள் பக்கம் பெண்கள் பம்புசெட்டில் குளிப்போம். பாவாடையை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டு, வரப்பில் யாராவது வருகிறார்களா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே சோப்புப் போடுவோம். கல்யாணமாகிப் போன வீட்டில் தடுப்பு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே பாட வேண்டும், உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக. இரண்டாவது சொம்பு ஊற்றுவதற்குள், "ஏய், என் சட்டை எங்க?" என்று குரல் வரும். இவளைப் பாருங்கள். முன்னூறு பேர் வந்து போகிறார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அவசரமே இல்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பொறாமை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஏகாம்பரத்துக்கும் அவளைப் பிடித்திருந்தது. தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். நெற்றி நிறைய விபூதி, எந்த விழாவிலும் முன்வரிசை. படம் ஆபாசமாக இருக்கிறது என்று முதல் தடவை பார்த்தபோதே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் மனசாட்சி உள்ளவர். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வரக் கூடாது என்று வாரா வாரம் வந்து, அரை மணி நேரம் நின்று, ஆபாசம் குறையாமல் இருப்பதை உறுதி செய்துகொண்டார். அப்புறம் அறக்கட்டளைக்குப் புகார் அனுப்பினார். புண்ணிய பூமியில் இப்படி ஒரு படம் இருக்கலாமா, உடனே எடுத்துக் கிடங்கில் போட வேண்டும் என்று.

கிடங்கு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். கட்டிடத்தின் பின்னால் ஓடு வேய்ந்த அறை. இவளுக்கு முன்னால் ஒரு குதிரைப் படம் அங்கே போனது, சட்டம் ரிப்பேர் என்று. அடுத்த மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால், கறையான் சாப்பிட்டது போக நான்கு குளம்புகள் மிஞ்சியிருந்தன. தணிகாசலம் சார் அந்தக் குளம்புகளைப் பார்த்து அழுதார். பயந்து நடுங்கிப் பார்த்திருக்கிறேன், அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செயலாளர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகத் தகவல் வந்தது. வருகிற நாள் பௌர்ணமி. ஏகாம்பரமும் கூட வருகிறார். அன்று காலையில் சார் என் நாற்காலிப் பக்கத்தில் வந்து நின்றார். "உள்ள போனா இவளும் குளம்புதாம்மா" என்றார். கொஞ்ச நேரம் கைக்குட்டையை உருட்டிக்கொண்டிருந்தார். "மூடி வச்சுடலாம். மூடியிருந்தா எதுக்கு எடுக்கணும்னு கேட்கலாம் இல்ல?"

அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவு அது. அதனால்தானோ என்னவோ இப்படி ஆனது.

அந்த அளவுக்குத் துணி தைத்துக் கொடுக்கப் பௌர்ணமி அன்று எந்தத் தையல்காரர் உட்கார்ந்திருப்பார்? ஆனால் எங்கள் ஊரில் தைத்துத் தயாராக எப்போதும் கிடைக்கிற திரை ஒன்று உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சந்நிதிக்கென்றே விற்பார்கள். சார் போய் வாங்கி வந்தார். அரக்கு நிறப் பட்டு, அகலமான ஜரிகைக் கரை, அடியில் வரிசையாகக் குட்டி வெண்கல மணிகள். கயிற்றை இழுத்தால் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு கச்சிதமாக இருந்தது. சார் பாட்டிலை வைத்துத் திரையும் சாயவில்லை என்று பார்த்துக்கொண்டார். எங்கள் இருவருக்குமே அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

பத்து மணிக்கு முதல் கூட்டம் உள்ளே வந்தது. சத்தியம் செய்கிற ரோமாபுரிக்காரர்களை ஒருவரும் சீண்டவில்லை. நேராக வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"அலங்காரம் எப்ப முடியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"அலங்காரம் எல்லாம் இல்லைங்க. திரை எடுக்க மாட்டோம்."

"சரி, இருந்து பாத்துட்டே போறோம்."

எடுக்க மாட்டோம் என்று சொன்னதுதான் தப்பு. அப்படியென்றால் ஏதோ விசேஷம் என்று முடிவாகிவிட்டது. உட்கார்ந்தவர்களைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து, ரோட்டில் போனவர்களும் உள்ளே வந்தார்கள். ஒருவர் வரிசை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை. முன்வரிசையில் ஆண்கள், பின்னால் பெண்கள். "சிறப்பு தரிசனம் உண்டா?" என்று ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மாலை வந்தது. தேங்காய் வந்தது. பின்னாலிருந்து யாரோ ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்து நெருப்புக்குச்சியை உரசினார்.

எண்ணெய் ஓவியம், பட்டுத்திரை, கற்பூரம். தணிகாசலம் சார் கூட்டத்தின் தலைகளைத் தாண்டி ஓடிய அந்த ஓட்டத்தை இப்போதும் சொல்லிச் சிரிப்போம். அப்போது சிரிப்பு வரவில்லை. அவர் தட்டின் மேல் கையை வைத்துத் தீயை அணைத்தார். கையில் கொப்புளம். கற்பூரத்தின் மேல் கை வைத்த மனிதரைக் கூட்டம் ஒரு மாதிரி பார்த்தது.

சரியாக அந்த நேரத்தில் செயலாளரும் ஏகாம்பரமும் உள்ளே வந்தார்கள்.

"இன்னா விசேஷம் இன்னிக்கு? இவ்ளோ ஜனம்?" என்றார் செயலாளர்.

சார் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "பாருங்க சார், சாமின்னு நெனைச்சு உக்காந்துனு இருக்காங்க. ஜனங்க நம்பிக்கையோட விளையாடுறாங்க. இப்பவே திறந்து காட்டச் சொல்லுங்க. ஜனங்களே தீர்ப்பு சொல்லட்டும்."

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. சாமி என்று காத்திருக்கிற கூட்டத்துக்கு முன்னால் குளிக்கிற பெண்ணைக் காட்டினால், கிடங்கு வரைக்கும்கூடப் போகாது. அங்கேயே கிழித்துவிடுவார்கள். செயலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கயிறு என் கையில். அவளைக் காட்டிக்கொடுக்கிற வேலை கடைசியில் எனக்கா வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன்.

மணிகள் குலுங்கின. அவ்வளவுதான், கூடமே எழுந்து நின்றது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று அத்தனை கைகளும் தலைக்கு மேலே போயின. திரை முழுசாக ஒதுங்கியது.

உயர்த்திய கைகள் உயர்த்தியபடியே நின்றன. நான் சுவரோரமாக நின்றதால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் ரோமாபுரிக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் எங்கள் ஜில்லாக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு. அவள் மட்டும் யாரையும் கண்டுகொள்ளாமல் காலை நனைத்துக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் முன்னால் வந்தார். செங்கம் பக்கத்து ஆள் என்று பிறகு தெரிந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"அந்தப் பொண்ணு குளிச்சினு இருக்குது. ஆம்பளைங்க எல்லாம் இன்னா பாத்துனு நிக்கறீங்க? வெளிய போங்க."

சாதாரணக் குரல்தான். பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தவரை எழுப்புகிற குரல். கைகள் இறங்கின. முன்வரிசையில் இடம் பிடித்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக நடந்தார்கள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "போங்க போங்க, வெளிய போய் நில்லுங்க."

ஏகாம்பரம் அசையவில்லை. "நான் புகார் குடுத்தவன்மா" என்றார்.

"யாரா இருந்தா இன்னா? நீ ஆம்பளைதான?"

போனார். செயலாளரும் போனார். தணிகாசலம் சார் கடைசியாக, சுவரைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்து போனார். கதவைச் சாத்தினோம்.

அப்புறம் அந்தப் பெண்கள் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி காலை நீட்டிக்கொண்டாள். ஒருத்தி கொண்டையை அவிழ்த்து உதறி முடிந்தாள். "வெந்நீரா இருக்கும் போல" என்றாள் ஒருத்தி. "யாருமே கூப்பிடல பாரு அவள" என்றது அந்தத் தூக்கு வைத்திருந்த அம்மாள். நான் இத்தனை காலம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே கதவைத் தட்டி, "முடிஞ்சுதா?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

செயலாளர் விவரமானவர். படத்தில் குற்றமில்லை, பார்க்கிற விதத்தில்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். திரை அப்படியே இருக்கலாம், பௌர்ணமிதோறும் மதியம் பெண்கள் மட்டும் பார்க்கலாம் என்றும் உத்தரவானது. ஏகாம்பரத்தின் மனைவி மாதம் தவறாமல் வருவார். "வீட்ல இன்னா பாத்தேன்னு கேட்டுனே இருக்காரு. நான் சொல்றதே இல்ல" என்பார்.

இப்போது போன மாத விழாவுக்கு வருகிறேன். தணிகாசலம் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். புது இயக்குநர் வெளியூர் போய்ப் படித்தவர், நல்ல பையன், எல்லாவற்றையும் அனுபவம் என்பார். படங்களையெல்லாம் கணினியில் ஏற்றி, சுவர் உயரத் திரையில் அசையவிட்டிருந்தார். ரோமாபுரிக்காரர்கள் ஒருவழியாகக் கையை இறக்கினார்கள். ஆனால் மறுபடி தூக்கினார்கள். குளிக்கிறவள் தண்ணீரை அளைந்தாள். திடீரென்று தோளுக்கு மேலாகத் திரும்பி, கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்தாள். கை தட்டினார்கள். மறுபடி அளைந்தாள், மறுபடி சிரித்தாள். ஆண்கள் அவளோடு செல்ஃபி எடுக்க வரிசையில் நின்றார்கள்.

யாருடைய முகத்தையோ கொண்டுவந்து அவளுக்கு ஒட்டியிருந்தார்கள். இத்தனை வருடம் திரும்பாதவளைத் திருப்பிவிட்டார்கள்.

"நிஜப் படம் எங்க?" என்று ரேவதியைக் கேட்டேன். பக்கத்துச் சுவரில் அதே அரக்குத் திரையைக் காட்டினாள். "நாளைக்கு கிடங்குக்குப் போவுதுக்கா. பாதுகாப்பா இருக்குமாம்."

அதே ஓட்டு அறைதான். வெளியில் மட்டும் வெள்ளையடித்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் மைக்கை என்னிடம் கொடுத்தார். மூத்த ஊழியர், புது முயற்சியை வாழ்த்தி இரண்டு வார்த்தை. எனக்கு மேடைப்பேச்சு வராது. தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு குளிச்சினு இருக்குது. ஆம்பளைங்க எல்லாம் எழுந்து வெளிய போங்க."

முதலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு பெண், "போங்க" என்றாள். கூட இன்னொருத்தி. முன்வரிசையில் வேட்டி கட்டிய ஒருவர் எழுந்தார். அதற்குப் பிறகு மற்றவர்கள் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? செல்ஃபி வரிசை அப்படியே வாசல் பக்கம் திரும்பியது.

"மேடம், நான் இங்க இயக்குநர்" என்றார் அந்தப் பையன்.

"யாரா இருந்தா இன்னாப்பா."

போனார். கணினியை இயக்கியவனும் ஆண்பிள்ளைதான், அவனும் போனான். ரேவதி ஒயரைப் பிடுங்கினாள். நான் அரக்குத் திரையின் கயிற்றை இழுத்தேன், மணிகள் குலுங்கின. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், விட்டது விட்டபடி. ரேவதியைப் போலவே ஏஜென்சி அனுப்பி, நின்றே பழகிப்போன மற்றப் பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். ரேவதி ஷூவைக் கழற்றி, கால் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. கிடங்குக்கு எடுத்துப்போக இதுவரை மூன்று தடவை ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். தூக்கிப் போக வருகிறவர்கள் ஆண்கள்தானே. ரேவதி வாசலிலேயே நிறுத்தி, "உள்ள குளிச்சினு இருக்காங்க, அப்புறம் வாங்க" என்று சொல்கிறாளாம். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு, சரிம்மா என்று திரும்பிப் போய்விடுகிறார்களாம்.